கருபா: முதலில் காது, அப்புறம் விரல், கடைசியில்தான் அட்டை

'பேங் ட்ரீம்! கேர்ள்ஸ் பேண்ட் பார்ட்டி!' என்று முழுப்பெயரைச் சொல்வதற்குள் ஒரு பாட்டின் முன்னிசையே முடிந்துவிடும். அதனால் பாட்டின் தாளத்துக்குத் திரையைத் தட்டி ஆடும் இந்த மொபைல் கேமை ஜப்பானிய ரசிகர்கள் 'கருபா' என்று சுருக்கிக்கொண்டார்கள். கிராஃப்ட் எக் நிறுவனம் உருவாக்க, புஷிரோடு நிறுவனம் 2017 மார்ச்சில் ஜப்பானில் வெளியிட்டது. ஆங்கிலப் பதிப்பு 2018 ஏப்ரலில் வந்தது.

நான் கேம் ஆடுகிற ஆள் இல்லை. பாட்டுக் கேட்கிற ஆள். ரொசேலியா என்ற பேண்டின் ஒரு பாட்டு தற்செயலாகக் காதில் விழுந்தது. யார் இவர்கள் என்று தேடிப் போனால், நிஜ மனிதர்களுக்குப் பதில் ஐந்து கார்ட்டூன் பெண்கள் நின்றார்கள். முதலில் ஏமாற்றம்தான். அப்புறம் அந்தக் கார்ட்டூன் பெண்களுக்குக் குரல் கொடுத்தவர்களே மேடையில் கிட்டாரும் ட்ரம்ஸும் வாசிக்கிறார்கள் என்று தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கேமுக்குள் நுழைந்தது அப்படித்தான்.

புதியவர்களுக்கு எழுதப்படும் குறிப்புகள் பெரும்பாலும் 'எந்த அட்டையை, அதாவது எந்தப் பாத்திரத்தின் படத்தை, எடுக்க வேண்டும்' என்றுதான் தொடங்கும். அது சேகரிப்பவர்களின் வழி. இது பாட்டுக்காக வருகிறவர்களுக்கு. வரிசை தலைகீழாக இருக்கும்.

முதல் படி: ஆடாதீர்கள், கேளுங்கள்

கேமை இறக்குவதற்கு முன்பே பேண்டுகளின் பாட்டை ஒரு சுற்று கேட்டுவிடுங்கள். பாட்டுச் செயலிகளில் இவை கிடைக்கின்றன. ஒரு பேண்டுக்கு இரண்டு பாட்டு போதும். எது உங்களுக்கானது என்று காது சொல்லிவிடும்.

தொடக்கத்தில் இருந்தவை ஐந்து பேண்டுகள், பேண்டுக்கு ஐந்து பேர், ஆக 25 பாத்திரங்கள். பாப்பின் பார்ட்டி துள்ளலான பாப் ராக். இந்த மொத்த உலகத்துக்கும் வாசல் இவர்கள்தான். ஆஃப்டர்க்ளோ கொஞ்சம் கரடுமுரடான, நேரடியான ராக். பள்ளியில் ஒருத்தி மட்டும் வேறு வகுப்புக்குப் போய்விட, சேர்ந்திருக்க ஒரு காரணம் வேண்டுமே என்று சிறுவயதுத் தோழிகள் ஆரம்பித்த பேண்ட் என்பது கதை. ரொசேலியா இருண்ட, கம்பீரமான ராக். கீபோர்டும் கிட்டாரும் ஒன்றையொன்று துரத்தும். ஹலோ ஹேப்பி வேர்ல்டு சர்க்கஸ் ஊர்வலம் மாதிரி. அதில் டிஜே யார் தெரியுமா? இளஞ்சிவப்புக் கரடி வேஷத்துக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண். அவள்தான் கரடி என்பது சக உறுப்பினர்கள் மூவருக்குக் கடைசிவரை உறைக்கவே உறைக்காது.

பாஸ்டல் பேலட்ஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இது ஒரு நிறுவனம் சேர்த்துவைத்த ஐடல் பேண்ட், அதாவது ரசிகர்களைக் கவரவென்றே தயாரிக்கப்பட்ட இளம் நட்சத்திரங்கள். முதல் மேடையிலேயே பதிவுசெய்த ஒலியை ஓடவிட்டு வாயசைக்கிறார்கள். கருவி பழுதாகி ஒலி நின்றதும் குட்டு உடைகிறது. இதைத்தான் அவர்களுடைய கதையின் தொடக்கமாக வைத்திருக்கிறார்கள். பாப் இசையின் சர்க்கரைப் பூச்சுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பல வருடம் படித்து வரும் ரசிகருக்கு, ஒரு மொபைல் கேம் இதை இவ்வளவு வெளிப்படையாக எடுத்தது ஆச்சரியம். பாட்டு மட்டும் கேட்டால் தித்திப்பாகத்தான் இருக்கும். கதையையும் சேர்த்துப் படித்தால் அதே தித்திப்பு வேறு மாதிரி கேட்கும்.

பின்னால் வந்தவர்களில் மார்ஃபோனிக்கா வயலினை முன்னிறுத்தும் பேண்ட். அந்த வயலின் பாத்திரத்துக்குக் குரல் கொடுக்கும் அயாசா தொழில்முறை வயலின் கலைஞர். ரைஸ் எ சுய்லென் முதலில் மற்றவர்களுக்கு மேடையில் பின்னணி வாசித்த குழு. 2018-இல் தனிப் பெயரோடு முன்னால் வந்தார்கள். கனமான கிட்டார், மின்னணு ஒலி, நடுவே ராப் என்று அதிரடி. மைகோ உடைந்த குரலில் நெஞ்சைக் கொட்டும் ராக். அவே முஜிக்கா முகமூடியும் கனத்த மெட்டலும்.

எல்லாவற்றையும் பிடிக்க வைத்தே ஆக வேண்டும் என்றில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு உள்ளே வாருங்கள். பேண்டுகள் பிரபலமான ஜப்பானியப் பாட்டுகளைத் தங்கள் பாணியில் பாடிய கவர்களும் ஏராளம். ஏற்கெனவே ஜப்பானிய பாப் கேட்பவருக்கு அதுவே நல்ல நுழைவு. மூலம் காதில் இருக்கும்போது, எதை மாற்றியிருக்கிறார்கள் என்பது சட்டென்று தெரியும்.

இரண்டாம் படி: ஹெட்போனைக் கழற்றுங்கள்

அதாவது, ப்ளூடூத் ஹெட்போனை. இதைச் சொல்ல ஒரு பத்தி செலவழிப்பதற்குக் காரணம் என் முட்டாள்தனம். முதல் வாரம் முழுக்க ஒயரில்லாத ஹெட்போனில் ஆடினேன். தாளம் எனக்கு நன்றாகவே பிடிபடும் என்ற நினைப்பு வேறு. ஆனால் எதைத் தட்டினாலும் தாமதம், தாமதம் என்றே வந்தது. எனக்குத்தான் வயதாகிவிட்டது என்று முடிவுகட்டி, கேமை அழித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். உண்மையில் ஒலிதான் தாமதமாக வந்துகொண்டிருந்தது. ப்ளூடூத் வழியே போகும் ஒலி காதை எட்டுவதற்குள் நொடியின் ஒரு சிறு பங்கு கழிந்துவிடும். பாட்டுக் கேட்கும்போது அது தெரியாது. தாளத்துக்குத் தட்டும்போது அந்தச் சிறு பங்குதான் எல்லாமே.

ஒயர் உள்ள ஹெட்போன், இல்லாவிட்டால் போனின் ஸ்பீக்கர். அப்புறம் செட்டிங்ஸுக்குப் போய் நேரத்தைச் சரிசெய்யும் பகுதியைத் திறந்து, உங்கள் போனுக்கு ஏற்ப வைத்துக்கொள்ளுங்கள். தட்டியது முந்திவிட்டதா பிந்திவிட்டதா என்று ஒவ்வொரு தட்டுக்கும் காட்டும் வசதியும் இருக்கிறது. அதைப் போட்டுவிடுங்கள். எப்போதும் ஒரே பக்கமே தவறினால் கோளாறு அமைப்பில். இரண்டு பக்கமும் மாறி மாறித் தவறினால் கோளாறு நம்மிடம்.

நோட்டுகள், அதாவது நாம் தட்ட வேண்டிய குறிகள், திரையில் இறங்கி வரும் வேகத்தையும் இங்கேயே மாற்றலாம். மெதுவாக வந்தால் எளிது என்றுதான் எல்லோரும் நினைப்போம். அப்படி இல்லை. மெதுவாக வந்தால் திரையில் ஒரே நேரத்தில் நிறைய நோட்டுகள் நெருக்கியடித்து நிற்கும், எது முன்னால் எது பின்னால் என்று கண் தடுமாறும். வேகத்தைக் கூட்டினால் இடைவெளி விரியும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கண் பயப்படும் இடத்துக்கு ஒரு படி முன்னால் நிறுத்துங்கள். வாரம் ஒருமுறை மறுபடி கூட்டிப் பாருங்கள்.

மூன்றாம் படி: ஒரே பாட்டு, எல்லா நிலையும்

ஆட்டத்தின் இலக்கணம் சுருக்கமானது. திரையில் ஏழு தடங்கள். மேலிருந்து நோட்டு இறங்கி வரும். கீழே உள்ள கோட்டைத் தொடும்போது தட்ட வேண்டும். நீளமாக வந்தால் அழுத்திப் பிடிக்க வேண்டும், அது வளைந்து போனால் விரலும் கூடவே வழுக்கிப் போக வேண்டும். அம்புக்குறி இருந்தால் சுண்டிவிட வேண்டும். எவ்வளவு துல்லியமாகத் தட்டினீர்கள் என்பதை வைத்து பெர்ஃபெக்ட், கிரேட், குட், பேட், மிஸ் என்று ஐந்து தீர்ப்பு. முதல் இரண்டில் ஒன்று வந்தால் காம்போ, அதாவது தவறாமல் தட்டியவற்றின் தொடர் எண்ணிக்கை, தொடரும். 'குட்' என்ற பெயரைப் பார்த்து மகிழ வேண்டாம், அதுவும் காம்போவை உடைத்துவிடும்.

நிலைகள் ஈஸி, நார்மல், ஹார்ட், எக்ஸ்பர்ட். சில பாட்டுகளுக்கு ஸ்பெஷல் என்று இன்னொன்று. வழக்கமான அறிவுரை: ஈஸியில் பல பாட்டு ஆடிப் பழகிவிட்டு நார்மலுக்கு ஏறுங்கள் என்பது. நான் சொல்வது வேறு. நன்றாகக் கேட்டுப் பழகிய ஒரே ஒரு பாட்டை எடுங்கள். அதையே ஈஸியில் ஆடுங்கள், நார்மலில் ஆடுங்கள், ஹார்டில் தோற்றுப் போங்கள், மறுபடி நார்மலுக்கு வாருங்கள்.

ஏன் என்றால் இந்தக் கேமின் உண்மையான ருசி அங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஈஸியில் உங்கள் விரல் போவது ஏறத்தாழ தாளத்தோடு மட்டும், கை தட்டுகிற மாதிரி. நார்மலிலும் ஹார்டிலும் பாடகியின் குரலைத் தொடரத் தொடங்கும். எழுத்துக்கு எழுத்து, மூச்சுக்கு மூச்சு. எக்ஸ்பர்ட்டுக்குப் போனால் குரல் நிற்கும் இடைவெளியில் ட்ரம்ஸ் உருட்டுகிற உருட்டல் உங்கள் விரலுக்கு வந்துவிடும், கிட்டார் ஏறி இறங்கும் இடத்தில் விரலும் தடம் தடமாக ஏறி இறங்கும். நோட்டு வரிசையைத் தொகுத்தவர் அந்தப் பாட்டை எப்படிக் கேட்டார் என்பது விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. எனக்குப் பல வருடமாக பேஸ் கிட்டார் தனியாகக் காதில் விழுந்ததே இல்லை. ரொசேலியாவின் ஒரு பாட்டில் குரலும் கிட்டாரும் ஓய்ந்து நோட்டுகள் திடீரென்று அடியில் ஓடும் ஒன்றைப் பின்தொடர்ந்தபோது, 'இது இவ்வளவு நாள் இங்கேதான் இருந்ததா?' என்று ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்டேன். அதற்குப் பிறகு எந்தப் பாட்டிலும் பேஸைத் தவறவிட்டதில்லை.

விரல் பற்றி ஒரு சொல். போனைக் கையில் பிடித்து இரண்டு கட்டைவிரலால் ஆடலாம், அல்லது மேசையில் வைத்து ஆள்காட்டி விரல்களால் ஆடலாம். கட்டைவிரல்காரர்கள் எக்ஸ்பர்ட் வரை தாராளமாகப் போகிறார்கள். ஆனால் ஒரு முறையில் ஊறியபின் மாற்றுவது வேதனை, அதனால் முதல் வாரத்திலேயே இரண்டையும் முயன்று பாருங்கள். கை வியர்க்கும் ஆசாமியாக இருந்தால் பக்கத்தில் ஒரு துணி வைத்துக்கொள்ளுங்கள். சுண்ட வேண்டிய இடத்தில் விரல் ஒட்டிக்கொண்டால் அதைவிட எரிச்சல் வேறில்லை.

நான்காம் படி: கதையைப் படியுங்கள்

பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கதையின் ஒவ்வொரு பகுதியைப் படித்து முடித்ததும் நட்சத்திரங்கள் தருவார்கள், அவைதான் கேமின் நாணயம். அதற்காகவாவது படியுங்கள் என்று சொல்லலாம். ஆனால் பாட்டு ரசிகருக்குக் காரணம் வேறு. ரொசேலியாவில் கிட்டார் வாசிக்கும் சாயோவும் பாஸ்டல் பேலட்ஸில் கிட்டார் வாசிக்கும் ஹினாவும் இரட்டையர். அக்கா உழைத்து உழைத்து அடைந்ததைத் தங்கை சிரித்துக்கொண்டே எடுத்துவிடுகிறாள். இது தெரிந்தபின் இரண்டு பேண்டுகளின் கிட்டாரையும் பழையபடி கேட்க முடியாது.

வரைபடத்தில் இருக்கும் இடங்களையும் தட்டிப் பாருங்கள். சர்க்கிள் என்ற இசை அரங்கம், உறுப்பினர்களின் குடும்பங்கள் நடத்தும் பேக்கரி, காபிக்கடை. அங்கே நிற்கும் பெண்கள் சும்மா பேசிக்கொண்டிருப்பார்கள். சில உரையாடல்கள் வெறும் அரட்டை, சில அருமை.

ஐந்தாம் படி: இப்போது அட்டைகள்

சரி, தவிர்க்க முடியாத இடத்துக்கு வந்துவிட்டோம். பாத்திரங்கள் அட்டைகளாக வருவார்கள். ஐந்து அட்டைகளைச் சேர்த்து உங்கள் பேண்டை அமைக்க வேண்டும். அட்டைக்கு பவர்ஃபுல், கூல், ப்யூர், ஹேப்பி என்று நான்கு வகைகளில் ஒன்று இருக்கும், கூடவே ஒரு திறமை. சிலருடையது மதிப்பெண்ணைக் கூட்டும், சிலருடையது உயிரளவை (தவறத் தவறக் குறையும் அளவு) மீட்கும், சிலருடையது கொஞ்சம் பிசகிய தட்டைச் சரியாக ஏற்றுக்கொள்ளும். தடுமாறும் ஆரம்ப நாட்களில் உயிரளவை மீட்கும் அட்டை ஒன்று பேண்டில் இருப்பது நல்லது. பாட்டு பாதியில் நிற்காது.

புதியவர்கள் கவனிக்காத ஒன்று: அட்டையை மட்டும் வளர்த்தால் போதாது. அரங்கத்தில் மைக், கிட்டார், போஸ்டர் போன்ற பொருள்களை வாங்கி வைக்கலாம். ஒரு குறிப்பிட்ட பேண்டுக்கோ வகைக்கோ அவை வலுச் சேர்க்கும். சாதாரண ஆட்டத்தில் சேரும் காசிலேயே இவற்றை வாங்கி உயர்த்த முடியும். முதல் படியில் ஒரு பேண்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதன் நடைமுறைப் பயன் இங்கே வருகிறது. எல்லாப் பேண்டுக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெளிக்காமல் உங்கள் பேண்டின் பொருள்களை முதலில் உயர்த்துங்கள்.

அட்டை கிடைப்பது காச்சா என்ற குலுக்கலில். ஒரு முறை எடுக்க 250 நட்சத்திரம், பத்து முறைக்கு 2500. ஒவ்வொரு அட்டைக்கும் எவ்வளவு வாய்ப்பு என்று குலுக்கல் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். அதைத் திறந்து பார்க்காமல் ஒரு நட்சத்திரத்தைக்கூடச் செலவழிக்காதீர்கள். உதாரணத்துக்கு, நீங்கள் விரும்பும் அட்டைக்கு 0.5 சதவீதம் என்று இருந்தால், நூறு முறை எடுத்தாலும் அது கிடைக்க வாய்ப்பு சுமார் 39 சதவீதம்தான். இருநூறு முறை எடுத்தால் சுமார் 63. 'நூறில் அரை என்றால் இருநூறில் ஒன்று நிச்சயம்' என்று மனம் போடும் கணக்கு தப்பு.

ஜப்பானில் இந்தக் குலுக்கல்களுக்கு ஒரு வரலாறே உண்டு. பல அட்டைகளை ஒரு தொகுப்பாகச் சேர்த்தால்தான் பெரிய பரிசு என்ற 'கம்ப்ளீட் காச்சா' முறையை 2012-இல் அந்நாட்டு நுகர்வோர் விவகார முகமை சட்டவிரோதம் என்று நிறுத்தியது. ஆப்பிள் நிறுவனமும் 2017 டிசம்பரில், இப்படிப்பட்ட குலுக்கல்களில் வாய்ப்பு விகிதத்தை வெளியிட வேண்டும் என்று விதி போட்டது. ஆகவே எண்கள் உங்கள் கண் முன்னால்தான் இருக்கின்றன.

என் வழி இது. எனக்குப் பிடித்த பாத்திரம் வரும்வரை நட்சத்திரங்களைத் தொடுவதில்லை. முதல் மாதத்தில் ஆர்வக்கோளாறில் முழுவதையும் கரைத்தேன். மறுவாரம் ரொசேலியாவில் பேஸ் வாசிக்கும் லிசாவின் அழகான அட்டை வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. பணம் போட்டுத்தான் ஆக வேண்டும் என்று தோன்றினால், முதலில் அதே பணத்துக்குப் பேண்டின் ஆல்பம் ஒன்று வாங்க முடியுமா என்று பாருங்கள். நல்ல அட்டை கிடைக்கும்வரை கேமை அழித்து அழித்துப் புதிதாகத் தொடங்கும் 'ரீரோல்' வித்தையும் உண்டு. பாட்டுக்காக வந்தவருக்கு அது வீண் வேலை. ஈஸியிலும் நார்மலிலும் ஆட எந்த அட்டையும் போதும்.

ஆறாம் படி: மற்றவர்களோடு ஆடுவது

ஐந்து பேர் சேர்ந்து ஆடும் அறைகள் உண்டு. ஒவ்வொருவரும் ஒரு பாட்டைச் சொல்ல, அவற்றில் ஒன்றைக் கேம் குலுக்கி எடுக்கும். நிலையை அவரவர் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். பக்கத்து ஆள் எக்ஸ்பர்ட்டில் பறக்க, நீங்கள் நார்மலில் நடக்கலாம். ஒருவரும் கோபிக்க மாட்டார்கள். கோபிப்பது பாதியில் விட்டுப் போனால்தான். உங்கள் பேண்டின் தலைவியின் திறமைதான் அங்கே எல்லோருக்கும் உதவும், அதனால் இருப்பதிலேயே நல்ல மதிப்பெண் திறமை உள்ளவரைத் தலைவியாக்கிவிட்டுப் போங்கள்.

மற்றவர்கள் தேர்ந்தெடுக்கும் பாட்டை ஆட நேர்வதுதான் இந்த முறையின் லாபம். நானாக ஒருபோதும் தொடாத ஹலோ ஹேப்பி வேர்ல்டு பாட்டுகள் எனக்குப் பழகியது இப்படித்தான்.

பூஸ்ட் என்ற ஒன்று அரைமணிக்கு ஒன்றாகச் சேரும். அதைச் செலவழித்தால் பரிசு கூடும். தீர்ந்துபோனால் ஆட்டம் நிற்காது, பூஸ்ட் இல்லாமலும் ஆடலாம், பரிசுதான் குறையும். பயிற்சிக்கு அது போதும். பூஸ்டை நிரப்ப நட்சத்திரம் செலவழிக்க வேண்டாம்.

இவென்ட்டுகள், அதாவது சில நாட்கள் மட்டும் நடக்கும் சிறப்பு ஆட்டங்கள், ஒன்று முடிந்ததும் இன்னொன்று வந்துகொண்டே இருக்கும். இவென்ட்டின் கதை, அதில் புள்ளிகள் சேர்த்தால் இலவசமாகக் கிடைக்கும் அட்டைகள், இவை போதும். தரவரிசையில் மேலே வருவதற்குத் தூக்கத்தைக் கொடுக்க வேண்டும், சிலர் பணத்தையும் கொடுக்கிறார்கள். நான் ஒரே ஒரு முறை முயன்றேன். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப ஆடி, மூன்று நாளில் பிடித்த பாட்டு பிடிக்காமல் போனது. அந்தப் பாட்டை மறுபடி கேட்க ஆறு மாதம் ஆயிற்று.

ஒரு எச்சரிக்கை, ஒரு வீட்டுப்பாடம்

எச்சரிக்கை: தொடங்கிய அன்றே கணக்கை மாற்றிக்கொள்வதற்கான எண்ணையும் கடவுச்சொல்லையும் கேமுக்குள் எடுத்து, போனுக்கு வெளியே எங்காவது எழுதி வையுங்கள். நான் எழுதி வைக்கவில்லை. போன் கீழே விழுந்து திரை செத்ததோடு பதினோரு மாத ஆட்டமும் போனது. குறை சொல்ல என்னைத் தவிர யாரும் இல்லை.

வீட்டுப்பாடம்: கேமில் வருவது பெரும்பாலும் பாட்டின் வெட்டிய வடிவம், இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முதல் சரணம், பல்லவி, ஒரு முடிவு, அவ்வளவுதான். இரண்டாம் சரணம், நடுவில் மெட்டு மாறும் இடம், நீண்ட கிட்டார் தனி ஆவர்த்தனம் எல்லாம் வெட்டில் போய்விடும். ஒரு பாட்டை ஹார்டில் முடித்த அன்று அதன் முழு வடிவத்தைக் கேளுங்கள். முடிந்தால் அதே பேண்ட் மேடையில் வாசிக்கும் காணொளியையும் பாருங்கள். பாப்பின் பார்ட்டி 2017-லேயே புகழ்பெற்ற நிப்போன் புடோகான் அரங்கத்தில் வாசித்துவிட்டார்கள். ஆஃப்டர்க்ளோ, பாஸ்டல் பேலட்ஸ், ஹலோ ஹேப்பி வேர்ல்டு மூன்றும் அப்படி மேடையில் கருவி வாசிக்கும் பேண்டுகள் அல்ல, அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முழுப்பாட்டையும் நாலைந்து முறை கேட்டுவிட்டு மறுபடி கேமுக்கு வந்து ஆடிப் பாருங்கள். வெட்டிய இடம் வந்ததும், அங்கே இல்லாத கிட்டாருக்காக விரல் ஒரு கணம் திரைக்கு மேலே நிற்கும், அதற்குள் அடுத்த நோட்டு தப்பிப் போயிருக்கும்.